செல்வத்தின் பட்டியில் மழை இல்லை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. யன்னலெல்லாம் திறந்தும் காற்று இல்லை. பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சேர்ட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு இருந்தார்.

வானொலி அறை அதைவிட மோசம். கீழே ரோல்ஸ் கடை அடுப்பு, மேலே தட்டைக் கூரை. வாசிக்கும்போது மின்விசிறியையும் நிற்பாட்ட வேண்டும், மைக்கில் இரையும். வசந்தி ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டபடி: "அண்ணை, நீங்கள் வாசிக்கிறது பாலைவனத்துக்கு. வேர்க்கிறது எனக்கு."

வானொலியை நடத்துவது அவர். சம்பளம் இல்லாத செய்தியாளன் நான். நாங்கள் இருவர்தான் நோர்பரிக் கலையகம்.

மாலை அறிக்கை. நேயர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் வேலை செய்பவர்கள், ஆகவே அங்கத்தைய வானிலைதான் முதலில். இங்கே பிற்பகல் நாலு, அங்கே பொழுதுபடுகிற நேரம். இன்று வாசித்தது:

ரியாத்: வெப்ப அலை நீடிக்கும்.
தமாம்: வெப்பம், புழுக்கம்.
தென்மேற்கு மலைப்பகுதி: ஓரிரு இடங்களில் இடியுடன் மழை.
செல்வத்தின் பட்டி: கடும் வெப்பம், புழுதிக்காற்று. மழை இல்லை.

வாசித்தபின் செல்வத்தின் குரல்பதிவு வரவில்லை. ஒரு நாளும் தவறாதவன்.

ஜூலை 9, புதன்

இன்றும் இல்லை. நேற்று நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றைச் சரிக்குறி மட்டும். போய்ச் சேரவில்லை.

பழைய பழக்கம், ஆள் பேசாமல் போனால் தெரிந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்ப்பது.

செல்வம். கிளிநொச்சி. வீட்டு டிரைவர் வேலை என்று கூட்டிப்போய், தென்மேற்கு மலைக்குக் கிழக்கே பாலைவனத்தில் ஓர் ஆட்டுப்பட்டியில் விட்டுவிட்டார்கள். தனி ஆள். பங்குனி மாதம் வானொலி நம்பருக்கு முதற்பதிவு: "அண்ணை, எல்லா ஊரும் சொல்லுறியள். நான் நிக்கிற இடத்துக்குப் பேரே இல்லை. எனக்கு ஆர் சொல்லுறது?" இடத்தைக் குறித்து அனுப்பியிருந்தான். வரைபடத்தில் மஞ்சள் நிறம், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு சொல் இல்லை. அடுத்த நாளிலிருந்து சேர்த்து வாசிக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு வானிலையோ என்று வசந்தி சிரித்தார். ஆடுகளும் இருக்கின்றன என்றேன்.

அறிக்கை முடிய அவனுடைய திருத்தம் வரும். "மழை இல்லை எண்டது சரி. புழுதி எண்டது பிழை, அண்ணை. இண்டைக்கு வானம் கழுவின மாதிரி." பின்னால் காற்றிரைச்சல். என் தொழிலில் இத்தனை ஒழுங்காக என்னைத் திருத்தியவர் வேறு எவருமில்லை.

கடைசிப் பதிவு திங்கட்கிழமை: "மேற்கை மின்னுது. சத்தமில்லை. வடிவாத்தான் இருக்கு, அண்ணை." அரிசி கழுவும்போது கேட்டேன். சாப்பிட்டபின் திரும்பவும்.

வாங்க வேண்டியவை: பால், ஐஸ், எலுமிச்சம்பழம், மின்விசிறிக்கு பியூஸ்.

வசந்தி கேட்டார், இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று. வழக்கம்போல என்றேன். "சுகந்தி கேட்டுக்கொண்டிருப்பா" என்றார். செல்வத்தின் மனைவி. கிளிநொச்சியில் பிள்ளைகளோடு ஃபோனில் எங்களைக் கேட்பவர். சித்திரையில் ஒரு செய்தி போட்டிருந்தார்: பட்டியின் பேர் வந்தால் அன்றைக்கு நித்திரை வரும் என்று.

வாசித்தேன். மழை இல்லை.

"அவர் இருக்கிறார் எண்டு அவ நினைப்பா, அண்ணை."

நான் சொன்னது இடத்தின் வானிலை, ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார்.

ஜூலை 10, வியாழன்

தோட்டப் புல் சாக்கு நிறம். தண்டவாளம் சூடாம், ரயில்கள் மெதுவாக. பக்கத்து வீட்டு நாய் குளியலறைத் தரையில் படுத்துக் கிடக்கிறதாம். அதன் மூச்சு சுவருக்கு இந்தப்பக்கம் கேட்கிறது. அல்லது கேட்பதுபோல எனக்கு இருக்கிறது.

அரபுச் செய்தித்தளம் ஒன்றை மொழிபெயர்ப்பில் பார்த்தேன். மலையில் செவ்வாய் பின்னேரம் மழை, சில பள்ளத்தாக்குகளில் வெள்ளம். ஒரு வரி. இடத்தின் பேர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் என் பத்திரிகை ஆசிரியர் "ஓரிரு இடங்களில்" என்று எழுதவிட மாட்டார். ஓரிரு இடங்களில் ஷெல் விழுந்தது என்று கொண்டுபோனால் தாளைத் திருப்பித் தருவார். எந்த ஒழுங்கை, ஆருடைய வீடு என்பார். சைக்கிளில் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். வானிலை அறிக்கையில் மட்டும் அந்தச் சொல்லை இத்தனை வருடமாக யோசிக்காமல் வாசித்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டுக்குச் சற்று மேற்கே மணலில் மங்கலான ஒரு கோடு, மலையிலிருந்து வளைந்து இறங்குகிறது. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மேடு.

அந்த மேட்டை எனக்குத் தெரியும். பட்டியில் சிக்னல் இல்லை, மேட்டில் ஏறினால்தான் வரும் என்று சொல்லியிருக்கிறான். பின்னேரம் ஆடுகளை அடைத்துவிட்டு, காய்ந்த ஆற்றைக் கடந்து போய் ஏறுவான். "ஆறு எண்டு பேர்தான், அண்ணை. எங்கடை வாய்க்காலிலை இதைவிடத் தண்ணி நிக்கும்."

மழை இல்லை என்று வாசித்தது சரி. பட்டியில் ஒரு துளி விழுந்திராது. மலையில் பெய்தது, நீலவானத்துக்குக் கீழே அந்தக் கோட்டு வழியே வந்திருக்கும். அவன் போகிற நேரத்துக்கு.

எதற்காகப் போகிற நேரம் என்று எழுத மனம் வரவில்லை.

இன்றும் வாசித்தேன். குரல் ஒரு இடத்தில் தட்டியது. தண்ணீர் குடிக்கவில்லையா என்று வசந்தி கேட்டார். வெக்கை என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

நித்திரை இல்லை. தலையணை ஈரம். விடியப்புறம் கண்ணயர்ந்தபோது அவன் குரல், வடிவாத்தான் இருக்கு என்று. ஃபோன் சமையலறையில் கிடந்தது.

ட்ராமில் குரோய்டன் போய் மருந்து எடுத்தேன். பக்கத்தில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில், வெயிலைப் பற்றித்தான். ஒருத்தி: இதெல்லாம் ஒரு வெயிலா, அம்மாவைக் கேளு. நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒலிக்கவிடுவதும் பொய்தான். முடிவு செய்தேன். இன்று பட்டியை விட்டுவிட்டு வாசித்தேன். ரியாத், தமாம், மலை. அவ்வளவுதான். வசந்தி மேசைக்கு அந்தப்பக்கம் தலை நிமிர்ந்து பார்த்தார்.

முடிந்து மைக்கை மூடமுன் ஃபோன். சுகந்தி. இதுவரை எழுதியிருக்கிறாரே தவிரப் பேசியதில்லை.

"அண்ணை, இண்டைக்கு எங்கடை இடத்தை விட்டிட்டியள்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நாலு நாளாகச் செய்தி இல்லை, உறுதியாகத் தெரியும்வரை, இப்படி.

"எனக்குத் தெரியும், அண்ணை. பவுசர்க்காரன் புதன் காலமையே ஃபோன் எடுத்துச் சொன்னவன்."

தண்ணீர் பவுசர் லொறி ஓட்டும் மலையாளி. அரைகுறைத் தமிழ். அவன் சொன்னதை அவர் எனக்கு ஒழுங்காகச் சொன்னார், இடையில் அழவில்லை. ஆடுகள் எல்லாம் பட்டியில் நிற்கின்றன. படலை கட்டியபடி. ஆற்றில் சேறு, அதில் தண்ணீர் போன தடம். ஆள் இல்லை. பொலிஸ் வந்து கீழே கொஞ்சத்தூரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"உங்கடை செய்தி கேக்கத்தான் கடந்திருப்பார்." மற்றதெல்லாம் சொன்ன அதே குரலில் இதையும் சொன்னார்.

புதன் காலையே தெரியுமென்றால், அன்றும் வியாழனும் நான் வாசித்ததை அவர் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் வாசிக்கிறதை நிப்பாட்டிப்போடுவியள்."

அங்கே ஒரு பிள்ளை எதையோ கேட்டது, அவர் ஃபோனைப் பொத்திப் பதில் சொன்னார். திரும்பி வந்து:

"சண்டை முடியேக்கை என்ரை தமையன் காணாமல் போனவர். எங்கை காணாமல் போனவர் எண்டு ஒவ்வொரு ஒபிஸிலையும் கேட்டினம். சொல்ல எனக்கு ஒரு இடமில்லை. இவருக்கு ஒரு இடம் இருக்கு. நீங்கள் வைச்ச பேர்தான். சொல்லாமல் விட்டால் அது வெறும் மணல், அண்ணை."

சரி என்றேனா, ஓம் என்றேனா தெரியவில்லை. வைத்துவிட்டார்.

வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேட்டையும் சேர்த்து. கழுத்துத் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு கீழே போய் சுடச்சுட இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்தார். அந்த வெக்கையில் குடித்தோம்.

ஜூலை 12, சனி

புழுக்கம். மத்தியானம் சவுத்தால் பக்கமிருந்து கருமுகில். பக்கத்துக் கடைக்காரர் நடைபாதை மாம்பழப் பெட்டிகளை உள்ளே இழுத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு இடி. பத்துத் துளி விழுந்து ரோட்டில் ஆவியாகிப் போனது.

பொலிஸிலிருந்து ஒன்றுமில்லை. தூதரக நம்பர் சுகந்திக்கு அனுப்பினேன். அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மின்விசிறியை நான் சொல்லமுன்னமே வசந்தி நிற்பாட்டினார்.

மலைப்பகுதிக்கு வந்தபோது ஓரிரு இடங்களில் என்று எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. எந்த இடம் என்று தெரியாது, கீழே பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் வானம் வெளித்திருந்தாலும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்றேன். அறிக்கையில் இல்லாத வசனம்.

செல்வத்தின் பட்டி: கடும் வெப்பம். காற்று மேற்கிலிருந்து. மழை இல்லை.

மைக்கை மூடிவிட்டுப் பார்க்கிறேன், ஃபோன் கையில். புழுதியை விட்டுவிட்டேன், செல்வம் பிழை சொல்லி அனுப்புவான் என்று எடுத்திருக்கிறேன்.