அந்த வீட்டில் தேநீர் கொண்டுவந்தது யார்

அன்பு மகள் ஷிம்னாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அச்சனும் சாப்பாடு தூக்கத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் நிகேஷும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்த வெளிநாட்டுக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கு வைக்கும்போது என் வேண்டுதல். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசும்போதெல்லாம் அச்சன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், அது உனக்குத் தெரியாது. இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மளிகைச் சாமானுக்குக் குறிப்பு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே மழை பிடித்துவிட்டது, கிணறு கைக்கு எட்டும் அளவு நிறைந்திருக்கிறது, பலா மரத்தில் பழமெல்லாம் அழுகி விழுகிறது, பொறுக்கக்கூட நான் இறங்குவதில்லை. உன் தோழி பிரஜினாவின் கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாயே, காய்ச்சல் என்று சொன்னேன், அது பொய். புடவை கட்டி வாசல்வரை வந்துவிட்டேன், அச்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் வெளியே புறப்பட்டால் எப்போதும் இப்படித்தான். டாக்டர் வீட்டுக்கே வந்து ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் இவர் நடிக்கவில்லை மகளே, வலி உண்மைதான், வியர்த்துக் கொட்டுகிறது, நான் புடவையை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. மின்வாரியத்தில் இருந்தபோது கம்பம் கம்பமாக ஊரெல்லாம் சுற்றிய மனிதர், உன் தம்பி பைக்கில் போய்த் திரும்பாத அன்றிலிருந்து கேட்டைத் தாண்டவில்லை. அவர் தாண்டாததால் நானும் தாண்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வாசகசாலை பவித்ரன் மாஷ் ஒரு நாவலைக் கொண்டுவந்தார், விவாதக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் கதை, அதனால் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார், வேண்டாமென்றால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சேச்சி என்றார். எழுதியவர் திருச்சூர்ப் பக்கத்து இளைஞராம். விசித்திரமான புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை முற்றுப்புள்ளியே கிடையாது, செத்துப்போன பெண்ணின் பெயர் வர வேண்டிய இடமெல்லாம் வெறுமனே வெள்ளையாக விட்டிருக்கிறது, ஒவ்வொரு அத்தியாயமும் அதே மத்தியானத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது, அந்தத் தகப்பன் அறை அறையாக நடக்கிறான், வெளிக்கதவு மட்டும் திறப்பதே இல்லை. முன்பு செய்த கண் ஆபரேஷனுக்குப் பிறகு அச்சனுக்கு எழுத்து ஆடுகிறதல்லவா, அதனால் நான் உரக்கப் படித்தேன். இவன் மீன் வாங்கக்கூட வெளியே போக மாட்டானா என்று கேட்டார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெயர் விட்டுப்போன இடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திப் படிப்பேன். ஒரு நாள் அப்படி நிறுத்தினபோது, "ரிஜில்" என்றார். உன் தம்பி போனதிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. நான் அழுதால் அவர் நிறுத்திவிடுவாரே என்ற பயத்தில் தலை நிமிராமல் படித்துக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளை இடத்திலும் அவரே சொன்னார், நான் காத்திருந்துவிட்டு மேலே படித்தேன்.

அதனால் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனால் பாதிக்கு மேல் போனபோது ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அந்த மனிதன் உட்கார்ந்திருக்கிறான், மேஜையில் தேநீர் வந்திருந்தது என்று எழுதியிருக்கிறது. அடுத்த அத்தியாயத்திலும் தேநீர் வந்திருந்தது. சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது, விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. நான் படிப்பதை நிறுத்திவிட்டு, இதையெல்லாம் யார் செய்தது என்று கேட்டேன். பெண்டாட்டியாகத்தான் இருக்கும் என்றார். அவள் எங்கே என்றேன். "அவன் துக்கத்துல இருக்கான் வத்ஸலே, அதெல்லாம் அவன் கண்ணுல படுமா?" என்றார். "அவளுக்கும்தானே மக போனா?" என்று கேட்டேன். இன்றைக்குப் போதும், மூடு என்றார்.

கூட்டத்தன்று நான் புடவை கட்டினதுமே அச்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், தலைமாட்டில் போனை வைத்தேன், பக்கத்து வீட்டு நபீசாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். ஓடைக்கரை வரம்பு நெடுக, திரும்பிவிடலாமா என்று எத்தனை தடவை நின்றேன் தெரியுமா. அங்கே எல்லோரும் மொழியைப் பற்றியும் வடிவத்தைப் பற்றியும் பேசினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். அச்சன் பெயர் சொன்ன விஷயத்தை நான் சொல்லவில்லை, அது நம் வீட்டோடு இருக்கட்டும். தேநீரைப் பற்றி மட்டும் கேட்டேன். கல்லூரியில் படிப்பிக்கும் ஒரு பையன் மரியாதையாகத்தான் சொன்னான், அவளைக் காட்டாமல் விட்டது வேண்டுமென்றே செய்த உத்தி சேச்சி, வாசிக்கிறவர்களுக்கு உறுத்தட்டும் என்றுதான் என்று. இருக்கலாம். "உத்தியாவே இருக்கட்டும் மோனே, அவ அந்த வீட்டுக்குள்ளதானே இருக்கா? கதவு அவளுக்கும்தானே பூட்டிக் கெடக்கு?" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அச்சன் உயிரோடு இருக்கிறார், நபீசாத்தா பீடி சுற்றுகிற மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் போனதும் என்ன பேசினாய் என்று கேட்டார், ஒன்று விடாமல் சொன்னேன். உத்திரத்தைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, "என்னை விட்டுட்டுப் போகப் போறியா?" என்றார். ஷிம்னாவின் பிரசவத்துக்குப் போக வேண்டும், நீங்களும் வாருங்கள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, இன்றுவரை அப்படித்தான். நாவலில் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறது, அதைப் படிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, நைட் ட்யூட்டி வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. அச்சனிடம் பேசும்போது தம்பியின் பெயரைச் சொல்லிப் பேசு, சொல்லாமலிருப்பதுதான் அவருக்கு நல்லது என்று நாம் நினைத்தது தப்பு. நான் அங்கே இருக்கும்வரை உன் சித்தப்பா பிரபாகரன் அச்சனோடு வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்புகிற அன்றைக்கும் அவருக்கு நெஞ்சு வலிக்கத்தான் போகிறது, எனக்குத் தெரியும், அதை நினைத்தாலே எழுதுகிற கை நிற்கிறது. என் பெயரில் மட்டும் இப்போது டிக்கெட் போடு. அவர் வாய் திறந்து சொன்னால் அவருக்கும் போடலாம். எல்லாம் சுகமாக முடிந்து தாயும் பிள்ளையும் நிறைந்திருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருந்து இப்போது தானே வரப்போகிற,
அம்மா வத்ஸலா