கொல்லங்கோட்டில் இறங்கிய நாள்

நங்கையா,

இன்று காலை அடுக்களைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் பச்சைப்பயற்றை ஈரத்துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். உடம்புக்கு நல்லதென்று செல்போனில் பார்த்தாளாம். முளைவிடும் பயற்றின் பச்சை வாசமும் நனைந்த துணியின் புளிப்பும் சேர்ந்து வந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கத்தை, தலை சுத்துதுங்களா?" என்றாள். இல்லை என்றேன். இந்த ஐம்பது வருடத்தில் என் கையால் ஒரு முறைகூடப் பயறு முளைகட்டியதில்லை. ஏன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு முதலமடைக்கு அழைத்து வந்தபோது எனக்குப் பதினாறு வயது. இரண்டாம் வருடம் உங்கள் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போயிற்று. அதன் பிறகு நீங்கள் நிமிரவே இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல், விடாத இருமல். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். ஒன்றரை வருடம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் மலையாளத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தேறுன பொறவு கொழந்தை பெத்துக்கலாங்களா?"

அம்மா உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். தாழ்வாரத்தின் கடைசி அறையில் நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போதுதான் ஊர் வாசகசாலையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து இயற்கை உணவைப் பற்றிப் பேசினார். தீட்டின அரிசியும் சீனியும் காப்பியும்தான் உடம்பைக் கெடுக்கின்றன, முழுத் தானியம் தின்றவனுக்கு வைத்தியர் தேவையில்லை என்றார். பள்ளிக்கூட நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு ஓடிவந்தேன். எழுபத்து நாலோ ஐந்தோ, ஐப்பசி மாதம்.

காலையில் முளைப்பயறும் ஊறவைத்த நிலக்கடலையும், தேங்காயும் மறையூர் வெல்லமும் சேர்த்து. மத்தியானம் கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை. சாயங்காலம் ராகிக்கூழில் மோர். அம்மா வாசலில் நின்று கத்தினாள். "பண்ணையத்து ஆளுக தின்னற களியக் கொண்டாந்து ஊட்டு மருமகளுக்குப் போடறியா? நாலு பேரு கேட்டா என்ன நெனப்பாங்க?" நான் கேட்கவில்லை. உங்கள் தட்டிலேயே கை வைத்து நானும் அதையே தின்றேன். நீங்கள் தட்டை இழுத்துக்கொண்டீர்கள். "வேண்டா அம்மிணி, ஒட்டிக்கும்." நான் மறுபடி என் பக்கம் இழுத்தேன். அப்போது நீங்கள் சிரித்தீர்கள். குழந்தை போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

நீங்கள் தேறினீர்கள். பங்குனியில் தோப்பில் மாங்காய் எடை போடும் பெரிய தராசில் உங்களை மறுபடி ஏற்றி உட்காரவைத்தேன். எடை போடுகிற பெரியவர் வாயெல்லாம் பல்லாக, "போன தடவைக்கு அரைக்கூடை மாங்கா கூடியிருக்கீங்க தாயி" என்றார். லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கன்னத்தில் சதை வந்திருந்தது. இருமல் இல்லை. அதெல்லாம் என் சமையலால் வந்தது என்று நினைத்தேன். நீங்கள் அந்த ஆறு மாதமும் தவறாமல் விழுங்கிய மாத்திரையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மாத்திரை போட்டால் உங்களுக்குக் குமட்டும். நான் பார்த்துப் பார்த்துச் செய்த கூழ் வெளியே வந்துவிடும். ஒரு நாள் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். "ஏனம்மிணி, இன்னமும் இதத் திங்கோணுமா?"

"எதுக்குங்க நங்கையா? ஒடம்புதான் தேறிடுச்சே. இனிச் சோறே மருந்துங்க."

இவ்வளவுதான் நான் சொன்னது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு.

அடுத்த முறை மாத்திரை வாங்க அண்ணன் நம் இருவரையும் பாலக்காட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நாம் கொல்லங்கோட்டில் இறங்கிவிட்டோம். இளநீர் குடித்தோம். கடைத்தெருவில் கண்ணாடி வளையல் பார்த்தோம். மலையிலிருந்து விழும் அருவிகளை ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். "பொறக்கறது பொண்ணாயிருந்தா உன்ற பேருதான்" என்றீர்கள். என் வாழ்க்கையில் அதைப் போல மகிழ்ச்சியான நாள் அதிகம் இல்லை. கனவில் திரும்பத் திரும்ப வருவதும் அந்த நாள்தான். கனவில் நான் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன். நீங்கள் மட்டும் இறங்கிப் போவீர்கள். கூப்பிட வாய் திறப்பேன், சத்தம் வராது.

அப்படி எட்டு மாதம் போனோம். மார்கழியில் கணவாய்க் காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு காலையில் கிணற்றடியில் இருமினீர்கள். துவைகல்லில் ரத்தம். நீங்கள் குடத்தைக் கவிழ்த்து அதைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குளிக நிறுத்தான் ஆரு பறஞ்ஞு?" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் கண் ஒரு கணம் என் பக்கம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"யாருஞ் சொல்லலீங்க. நானேதா நிறுத்திப்போட்டேன். அம்மிணிய வெளிய உக்கார வெச்சுட்டு, உள்ள போறாப்பல போயிட்டு வந்துருவேனுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அண்ணன் உங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. வெளியே போய்விட்டார். அதன் பிறகு எந்த மருந்துக்கும் அந்த நோய் அடங்கவில்லை. அடுத்த வைகாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்கு மூன்று நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "அம்மிணி, அப்ப நான் நெசமாலுமே தேறியிருந்தேனில்ல?"

"தேறியிருந்தீங்க நங்கையா."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அது பொய் இல்லை. கம்பும் ராகியும் தங்களால் ஆனதைச் செய்தன. அவற்றால் ஆகாததையும் செய்யும் என்று சொன்னவள் நான்.

அண்ணன் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் பெயரை வாயில் எடுப்பதையே விட்டுவிட்டார். யாராவது உங்களைப் பற்றி ஆரம்பித்தால், "சொன்ன சொல்லுக் கேக்காதவ. என்னைய நெனச்சிருந்தா நிறுத்தியிருப்பாளா?" என்பார். நல்லது கெட்டதுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழும். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிட்டு வருவேன். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய், இறந்த பிறகும் உங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது. அது தெரிந்தும் என் புருஷன், பிள்ளை, ஊர் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்த அடுக்களையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலமடைக்கு வண்டி ஏறினேன். அண்ணன் தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடப்போகிறார். காது மந்தம். அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். நோட்டில் எழுதியது, பஸ்ஸை விட்டு இறங்கியது, எதையும் விடவில்லை.

அவர் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார். பிறகு, "அப்ப அவளா நிறுத்தலையா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நாஞ் சொல்லித்தான்."

"என்னைய நெனைக்காம நிறுத்துனதில்லையா?"

"உங்களுக்குக் கொழந்தை பெத்துத் தரோணும்னுதானுங்க அவங்க அத்தனையும் தின்னாங்க."

அவர் உங்கள் பெயரைச் சொன்னார், நங்கையா. ஐம்பது வருடம் கழித்து. ஒரு முறை சொல்லிவிட்டு, யாரோ பக்கத்து வரிசை மரத்தடியில் நிற்பதைப் போல அந்தப் பக்கம் பார்த்து இன்னொரு முறை கூப்பிட்டார். தோள் குலுங்க அழுதார். நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"எந்திரிச்சுப் போ. இனி நாஞ் செத்தாலும் இந்த ஊட்டுக்கு வராத."

சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். அண்ணன் இத்தனை காலம் உங்கள்மேல் வைத்திருந்த கோபம் இப்போது என்னிடம் வந்துவிட்டது. அவர் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இது முதலிலிருந்தே என்னுடையது. மிச்ச நாளுக்கு நானே வைத்துக்கொள்கிறேன்.