பசை அடைத்த கப்பித் துளை

என் கோபக்கார மச்சானே,

பொம்மனஹள்ளியில் நேற்று நல்ல மழை. ஓசூர் ரோடு வழக்கம்போல நகரவில்லை. ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு உன் கப்பலோடு உட்கார்ந்தேன். ஆமாம், நீ பாதியில் விட்டுப்போன அந்தப் பாய்மரக் கப்பல் மாடல்தான். உன் முதல் வருஷத் திதிக்கு அது உன் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம், உன் தங்கச்சி செல்வியின் உத்தரவு. அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாதா?

நடுப் பாய்மரம் சாய்ந்து கிடந்தது. அதை இழுத்துக் கட்டும் நூல், நீ தேக்குத் துண்டில் ராவிச் செய்த மிளகளவு கப்பியின் துளை வழியாகப் போக வேண்டும். உன் முறைப்படியே நூல் முனையைச் சூப்பர் க்ளூவில் தொட்டுக் காயவைத்து, பிளேடால் சாய்வாக வெட்டினேன். ஊசி மாதிரி விறைத்துக்கொண்டது. எச்சில் தொடவில்லை, சத்தியமாக. நூல் உப்பிவிடும் என்று நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்படியும் போகவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், துளை முழுக்கப் பசை! நூலை ஓட்டிப் பார்க்காமலே கப்பியைப் பாய்மரத்தில் ஒட்டியிருக்கிறாய். "முதல்ல நூலு, அப்புறம்தான்டா பசை" என்று என்னை எத்தனை தடவை திட்டியிருப்பாய்! "மாட்டிக்கிட்டான்டி உங்கண்ணன்!" என்று கைதட்டிச் சிரித்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துச்சே, அந்தக் கடைசி வாரம் ஒட்டினதுங்க இது. அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் அவசரப்பட்டிருக்கு" என்றாள். அந்த வாரம் முழுக்க எங்களிடம் கிரிக்கெட்தானே பேசிக்கொண்டிருந்தாய், ஏன்டா?

"இதப் பிச்சுட்டு வேற கப்பி மாட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"அது அண்ணன் கையால செஞ்சது. அதத் தொலைச்சீங்கன்னா கப்பலே வேணாம்."

பிளந்தால் போச்சு. மோட்டார் ட்ரில்லைத் தொடவே இல்லை. கை ட்ரில்லில் இருப்பதிலேயே மெல்லிய பிட்டை மாட்டி, அழுத்தாமல், இரண்டு விரலால் உருட்டினேன். முதலில் வெள்ளைத் தூள் வந்தது, அது பசை. பழுப்புத் தூள் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன், அது உன் தேக்கு. நூலின் நுனி நுழைந்தது, மிச்சம் சிக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பெரிசாக்கியே ஆக வேண்டும். கை வரவில்லை மச்சான்.

செல்வி கப்பியை இடுக்கியால் பிடித்துக்கொண்டாள். "சுத்துங்க, நான் புடிச்சிருக்கேன்ல" என்றாள். அடுத்த அளவு பிட்டை மாட்டிச் சுற்றினேன். பிளக்கவில்லை.

நூலை அவளே கோத்து இழுத்தாள். பாய்மரம் நிமிர்ந்தது. சட்டென்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பி, "அண்ணா, நுழைஞ்சிடுச்சு!" என்று கத்திவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

அந்த வாரம் நீ ஒட்டிய கப்பிகள் இன்னும் இருக்கின்றன, எல்லாத் துளையிலும் பசை. ஒவ்வொன்றையும் விரலால்தான் திறப்பேன், ஒன்றையும் மாற்ற மாட்டேன். திதிக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லையாம், செல்வியே இறங்கி வந்துவிட்டாள். நாங்கள் அவசரப்பட மாட்டோம் மச்சான். எங்களுக்கும் சேர்த்து நீயே அவசரப்பட்டுவிட்டாய்.

இன்றைக்கும் உன் தங்கச்சி புருஷன்,
குமார்