கப்பலில் சோப்புக் கடை எங்கே?

மார்ச் 2

மூன்றாவது முறையாகப் பதவி உயர்வுக் கடிதம். வெளியூர்த் தபால் நிலையத்துக்கு நானே அதிகாரி, இரண்டு வருடம். 20ஆம் தேதிக்குள் பதில் போக வேண்டும். இதையும் விட்டால் கடைசிவரை இதே கவுன்டரில் முத்திரை குத்த வேண்டியதுதான்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். "சோப்பு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவர். இப்போது நான் வாயைத் திறந்தால் அவர் ஓடுகிறார்.

மார்ச் 3

அலமாரியில் இருக்கும் சோப்பு: இருபத்தாறு.

மார்ச் 9

மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். "திடீர்னு எதுக்கு?" என்றார். "ஓய்வெடுக்க" என்றேன். நடுக்கடலில் எந்தக் கடைக்குப் போவார்?

மார்ச் 14

கப்பலில் முதல் மாலை. கட்டிலில் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து வைத்திருந்தார்கள். இவர் அதை உதறி ஒழுங்காக மடித்து வைத்தார்.

மேல்தளத்தில் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள அப்படியொரு முண்டியடிப்பு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த கை சும்மா இருக்குமா? எனக்கும் ஒரு சாய்வு நாற்காலி கிடைத்தது. வெயில் தணிந்து, கரை கோடாகச் சுருங்கியதும் ஆரம்பித்தேன். "அந்த லெட்டருக்குப் பதில் எழுதணுங்க."

எழுந்தார். "சோப்பு—" என்று தொடங்கி நிறுத்தினார். குளியலறையில்தான் இலவசமாக நான்கு வைத்திருக்கிறார்களே. "ஒரு நடை போயிட்டு வரேன்."

போனார். ஆனால் நடைபாதை கப்பலைச் சுற்றியல்லவா வருகிறது? ஆறாவது நிமிடம் என் முன்னால் நின்றார்.

"ரெண்டு வருஷம்தான்" என்றேன். வேகத்தைக் கூட்டினார். ஐந்தே நிமிடத்தில் வந்தார்.

"சனிக்கிழமை தவறாம வந்துருவேன்."

மூன்றாவது சுற்றில், "ஏற்கெனவே ரெண்டு தடவை உங்களுக்காக விட்டுட்டேன்" என்றபோது குரல் உடைந்துவிட்டது. ச்சே. பக்கத்து நாற்காலி அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு, "இதோ வராரு" என்று எனக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்தாள்.

ஏழாவது சுற்றில் மூச்சுவாங்க உட்கார்ந்தார். "எனக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாதே."

இதற்கா இருபத்தாறு சோப்பு? தனியாக இருக்கப் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, டீயாம்! ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கத்துக்குங்க" என்றேன்.

கடலைப் பார்த்தபடி, "எழுதிப் போடு" என்றார்.

மார்ச் 18

பதில் அனுப்பியாயிற்று. முத்திரையை நானே குத்தினேன்.

மே 23

புது ஊர். நான் உள்ளே நுழைந்தால் ஆறு பேர் எழுந்து நிற்கிறார்கள். பிடித்திருக்கிறது, மறைப்பானேன்? பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்க நேரமில்லை. மூன்று சனிக்கிழமையாக வீட்டுக்கும் போகவில்லை.

மாலையில் அவர் போன் செய்தார். "டீ இப்ப நல்லாவே போடறேன். நீ எப்ப வரே?"

செருப்பை மாட்டிக்கொண்டேன். "சோப்பு தீர்ந்துபோச்சுங்க, கடைக்குக் கிளம்பிட்டிருக்கேன். அப்புறம் பேசறேன்."

"போக வேண்டாம்" என்றார். "பெட்டி அடியில பாரு, பன்னிரண்டு வச்சிருக்கேன். இப்பச் சொல்லு, எப்ப வரே?"