முகவர் வேடத்துக்குக் கிடைத்த குடை

வட்டக்கச்சி
ஆவணி 4

அன்பு மகள் சுதாஜினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று வெள்ளிக்கிழமை தோறும், நீ வேலை செய்கிற அந்த நாட்டு வீட்டு மேடம் பக்கத்தில் நிற்க அவவின் போனில் ஒரே குரலில் ஒப்புவிக்கிறாய், அதனால் உன் சுகத்தை இந்தமுறை விசாரிக்கவில்லை. குளத்துத் தண்ணீர் காணுமான அளவு வந்தது, சிறுபோகம் தப்பிவிட்டது, சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

இனி நாட்டுப் புதினம் கேள். போன கிழமை மனித வியாபாரத்துக்கு எதிரான உலக தினமாம், எங்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் இருத்தினார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஐயா வந்திருந்தார். உலகத்தில் அநேகமாக எல்லா நாடுகளும் மனித வியாபாரத்தை ஒழிப்பதாகக் கையெழுத்து வைத்துவிட்டனவாம். ஆளை அனுப்புகிற நாடும் வைத்திருக்கிறது, வாங்குகிற நாடும் வைத்திருக்கிறது, இடையில் விமானம் மாறுகிற நாடும் வைத்திருக்கிறது, கையெழுத்து வைக்காதது நீ மட்டும்தான் போலிருக்கிறது. அமெரிக்கா வருடா வருடம் எல்லா நாடுகளுக்கும் புள்ளி போடுகிறதாம், நாங்கள் இரண்டாம் படியில் நிற்கிறோமாம், அதைச் சொல்லும்போது ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளை புலமைப்பரிசில் பாஸான தகப்பன் மாதிரி இருந்தார். திட்டம் இருக்கிறது, திட்டத்துக்குக் குழு இருக்கிறது, குழுவைப் பார்க்க இன்னொரு குழு இருக்கிறது, மத்தியானச் சோற்றுப் பார்சலில் கோழிக்காலும் இருந்தது. அரசாங்கத்தைக் குறை சொல்லக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். வந்தவர்களே நடிக்க வேண்டுமாம், எனக்கு வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற முகவர் வேடம் தந்தார்கள். எழுதித் தந்த வசனம் ஒன்றுக்கும் உதவாது, நானே சொந்தமாகப் பேசினேன். ஆஸ்பத்திரி வேலை, வெள்ளை உடுப்பு, விசிட் விசாவில் போய் இறங்கினால் அங்கே மாற்றலாம், “பாஸ்போட்டை மேடம் கவனமா வச்சிருப்பா, உங்கட பிள்ளை எங்கட பிள்ளை மாதிரி, யோசிக்காதேங்கோ அண்ணை” என்று ஒரு மூச்சில் சொன்னேன். மண்டபமே கை தட்டியது. ஐயா எழும்பி வந்து எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி ஒருவன் எனக்குப் படிப்பித்தான் என்று நான் சொல்லவில்லை. பரிசாக ஒரு குடை தந்தார்கள், “மனித வியாபாரத்தை ஒழிப்போம்” என்று எழுதியிருக்கிறது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் பிள்ளை. அன்றைக்கு அம்மா வேண்டாம் என்று மறிக்க, நீயும் அரை மனத்தோடு நிற்க, “வாயை மூடு, எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் பாஸ்போட்டை அவன் கையில் கொடுத்தவன் நான்தான்.

அடுத்த நாளே, ஐயா கொழும்புக்குத் திரும்ப முதல், கிளிநொச்சிக் கச்சேரிக்குப் போய் அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து முறைப்பாடு செய்ய வேண்டும் என்றார். நேரில் வர முடிந்தால் அவள் எதற்கு முறைப்பாடு செய்கிறாள் என்று கேட்டேன், நல்ல கேள்வி என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். இன்னொரு குழு வரக்கூடும். ஆனால் அங்கே பத்மாசனி என்று ஒரு உத்தியோகத்தர், சின்ன வயது, அவதான் வாசல் வரைக்கும் பின்னால் வந்து, “ஐயா, பாஸ்போட்டின்ர போட்டோக் கொப்பி இருந்தாக் காணும், மகள் தன்ர கையால ‘எனக்கு வீட்ட வரவேணும்’ எண்டு ஒரு வரி எழுதித் தந்தா நான் தூதரகத்தை விடமாட்டன்” என்றா. கொப்பி அலுமாரியில் இருந்தது, கொடுத்துவிட்டேன்.

உங்கள் மேடம் வீட்டுக் குசினிக்குத் தண்ணீர்க் கான் இறக்குகிற செந்தூரன் லீவில் வந்து போகிறான். உன்னைப் பற்றிக் கேட்டேன், “கேக்காதேங்கோ மாமா, சொல்லமாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன்” என்று நிலத்தைப் பார்த்தான். எனக்கு அதுவே போதும். நீ நல்லாய் இருந்தால் அதற்கு ஏன் சத்தியம்? ஊரில் அப்பாவைச் சிரிப்பார்கள் என்றுதானே மறைக்கிறாய். சிரிக்கட்டும். வெயிலுக்கும் மழைக்கும் அந்தக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு திரிகிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று நானே சொல்கிறேன், இனி மறைக்க ஒன்றுமில்லை.

அம்மா வறுத்து இடித்து, செந்தூரனிடம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளுக்குள் இந்தக் கடிதம் வருகிறது, கை கழுவாமல் கண்ணைத் தொடாதே. வற்றாப்பளை அம்மாள் உனக்குத் துணை நிற்கட்டும். இந்தத் தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், அந்த ஒரு வரியை எழுதிச் செந்தூரனிடம் கொடு. உலகம் முழுக்கக் கையெழுத்து வைத்தாயிற்று, இனி உன்னுடையது ஒன்றுதான் வேண்டும்.

உன்னை அனுப்பிய, உன்னைக் கூப்பிடுகிற
அப்பா
அப்புத்துரை