அத்தைக்கு நன்றி சொன்ன மறுநாள்

5.7.1999, திங்கள்

இவர் மதுரையில் வங்கிப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு வீட்டில் பாடம் நடக்கிறது. அமெரிக்காவில் மனோதத்துவக்காரர்கள் நோயை விட்டுவிட்டு இப்போது சந்தோஷத்தை ஆராய்கிறார்களாம். அன்றாடம் நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். அவை ஏன் நடந்தன என்றும் எழுத வேண்டும். "ஒரு மாசம் எழுதிப் பாரு லேகா. அந்த வேலை உத்தரவு ஒனக்கு ஞாபகமே இருக்காது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ராதாபுரம் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. அடுப்படியில் உட்கார்ந்து படித்துத் தேறியது. முப்பதாம் தேதிக்குள் சேராவிட்டால் கைவிட்டுப் போகும். அத்தை கூடாது என்கிறார். அம்மா சொன்னால் இவருக்கும் கூடாது.

6.7.1999

பால் பொங்கி வழியவில்லை. ஏன்? பக்கத்திலேயே நின்றேன். வேறெங்கே போக?

யாரும் 'விசேஷம் உண்டா' என்று கேட்கவில்லை. ஏன்? யாரும் வரவில்லை.

அத்தை மத்தியானம் நன்றாகத் தூங்கினார். ஏன்? தெரியாது. வீடு அமைதியாக இருந்தது.

9.7.1999

மூன்றாவது கிடைக்கவில்லை.

12.7.1999

எரிச்சல் என்னவென்றால், இந்தப் பயிற்சி கொஞ்சம் வேலை செய்கிறது. காலையில் ஆற்றில், குறுக்குத்துறையில் குளிக்கும்போது தண்ணீர் அவ்வளவு சுகமாக இருந்தது. இன்றைக்கு எழுத இது ஒன்று என்று நினைத்தேன். உடனே பயம் வந்துவிட்டது. இப்படியே ஒவ்வொன்றாக எழுதி எழுதி இங்கேயே சந்தோஷமாகிவிடுவேனோ? முப்பதாம் தேதியும் அதுபாட்டுக்குப் போய்விடுமோ?

17.7.1999, சனி

"ஆடி பொறந்தாச்சு. ஆடியில எவளாவது புதுசா வேலைக்குச் சேருவாளா? ஆவணி வரட்டும், பாப்போம்" என்றார் அத்தை. ஆவணி வரும். உத்தரவு திரும்ப வராது.

18.7.1999

அடுத்த பாடம். நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். காலம் கடப்பதற்குள் சொல்ல வேண்டுமாம். "எங்கம்மாவுக்குச் சொல்லேன்" என்கிறார்.

இந்த வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்? நன்றி என்பது கூட்டத்தில் கடைசியாகப் பேச வருகிறவர் சொல்வது. சோறு போட்டவளுக்கு எவன் சொன்னான்?

19.7.1999, திங்கள்

சொன்னேன்.

அத்தை முறத்தில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர் அவர்தான். அது பொய்யில்லை. "அத்தே, அன்னைக்கு நீங்க இல்லன்னா நான் இல்ல. ரொம்ப நன்றி அத்தே" என்றேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"என்னட்டி சொல்லுதே? இப்பம் எதுக்கு இதெல்லாம்?"

"இல்ல அத்தே, பின்னால சொல்ல முடியாமப் போயிரக் கூடாதுல்லா."

முறம் கவிழ்ந்தது. "ஏட்டி, எந்தக் கிணத்துல விழப் போறே!" என்று ஒரே அலறல். பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் வங்கிக்குப் போன் செய்துவிட்டார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பருப்பைப் பொறுக்கியது நான்தான்.

20.7.1999

கொல்லைக் கதவுக்குப் பூட்டு. இவர் லீவு. பாத்திரம் தேய்க்க வரும் இசக்கியம்மாவை நாள் முழுக்க எனக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். குளியலறைக்கு வெளியே நின்று, "அக்கா, இருக்கியளா?" என்கிறாள். "இருக்கேன்" என்கிறேன்.

"நீங்க குடுத்த பயிற்சியத்தானே செஞ்சேன்" என்றேன் இவரிடம். "பயிற்சிக்கு யாராவது அழுவாங்களா?" என்று கேட்கிறார். நான் ஏன் அழுதேன்? அதுதான் எனக்கும் தெரியவில்லை.

22.7.1999

இன்றைய நல்ல விஷயங்கள்: இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

25.7.1999, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "ராதாபுரம்தானே? போ. எனக்கு நீ உசிரோட இருந்தாப் போதும்" என்றார். அத்தை தலை குனிந்திருந்தார்.

சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள் நான். ஆத்திரம்தான் வருகிறது. சாவேன் என்றால்தான் கிடைக்குமா? படிச்சுப் பாஸ் பண்ணினேனே, அது என்ன கணக்கு? இல்லாத ஒன்றுக்குப் பயந்து கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு போனால் காலம் பூரா "இருக்கியளா" கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள். என்ன செய்ய?

28.7.1999, புதன்

தாங்க முடியவில்லை. அத்தையிடம் முதலில் சொன்னேன். "சத்தியமா எனக்குச் சாகுற நெனப்பே இல்ல அத்தே. அவர் பேங்க்லேருந்து வந்ததும் அடிச்சுச் சொல்லிரப் போறேன்."

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு மறுநாளே தெரிஞ்சிட்டு. சாகப் போறவ நாலு இட்லியும் தின்னுட்டு, சட்னியில காரம் பத்தலன்னு சொல்ல மாட்டா."

"பின்ன ஏன் அவர்கிட்ட சொல்லல?"

உரித்த தோலை ஒதுக்கி வைத்தார். அப்புறம் பைய, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒம் புருசன் கணேசு அப்பம் கைப்புள்ள. ஒரு மத்தியானம் நான் நெசமாவே கிணத்தடியில போயி நின்னேன். உள்ள எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாவ. ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. ரசம் எங்கன்னு மாமா சத்தம் போட்டாவ. வந்து ஊத்துனேன்."

அத்தை உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. அவன் பயந்துக்கிட்டே இருக்கட்டும். வெள்ளிக்கெழம போயிச் சேந்துரு."

"ஆடி அத்தே..."

"ஆடிய நான் பாத்துக்கிடுதேன்."

30.7.1999, வெள்ளி

சேர்ந்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது ஜன்னல் வழியாகக் காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. கையால் அமுக்கிக்கொண்டு போட்டேன்.

அத்தையும் கூட வந்தார். "அவள ஒத்தையில விட முடியாதுலே, நான் துணைக்குப் போறேன். சோறு பொங்கி வச்சிருக்கேன், நீயே போட்டுத் தின்னு" என்று காலையில் மகனிடம் சொன்னபோது முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் வரை தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

2.8.1999, திங்கள்

இன்றும் துணைக்கு வந்தார். பஸ் வள்ளியூர் தாண்டியதும் பனங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நாளைக்கு இன்னும் வெள்ளென எந்திரிட்டி. இந்த ஜன்னலோர எடம் போயிரும்."