கையில் கொடுத்த பொதி

கன்னியர் மடம், கண்டி
4.3.1999

அன்புள்ள தம்பி ருவனுக்கு,

நலம். உன் நலத்துக்காகத் தினமும் செபிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உலகத்துக்கு நீ சுசீம ஹாமுதுரு என்ற பெரிய பிக்குவாக இருக்கலாம். எனக்கு மூக்கொழுகும் ருவன்தான்.

எங்கள் சபை என்னைப் பௌத்தம் படிக்க விட்டிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆய்வாளர் என்ன சொல்கிறார், பிக்கு என்ன சொல்கிறார், திருச்சபை என்ன சொல்கிறது என்று மூன்று பதில் எழுத வேண்டும். மற்றக் கன்னியர்கள் பிக்குவைத் தேடி அலைகிறார்கள். எனக்கு வீட்டிலேயே ஒருவன். மகள் அம்மாவின் கத்தோலிக்கக் கோவிலுக்கு, மகன் பெரியப்பாவின் விகாரைக்கு என்று அப்பா பங்கு பிரித்தது இப்போதுதான் உதவுகிறது.

முதல் கேள்வி: மனிதன் ஏன் துறவு பூணுகிறான்? இரண்டு வரி எழுதித் தப்பிக்காதே.

அன்பு அக்கா,
சிஸ்டர் இரேஷா


போகமுவ விகாரை
19.3.1999

அக்காவுக்கு, மும்மணிகளும் துணையிருக்கட்டும்.

ஆய்வாளரின் பதில்: விகாரைக் காணி குடும்பத்தை விட்டுப் போகாமலிருக்க, பெரியப்பாவுக்குப் பின் தம்பி மகன் பிக்குவாகிறான். பௌத்தத்தின் பதில்: துன்பத்தைக் கடக்க. இரண்டும் சரிதான். என் பதில்: எனக்குப் பதினொரு வயது. தலை மழித்த அன்று மாலை பசியில் அழுதேன். மதியத்துக்குப் பிறகு சோறு கிடையாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சிரித்து முடித்தாயா? இனிதான் விஷயம். பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். வெசாக் பௌர்ணமி அன்று அவர் இடத்தில் என்னை விகாராதிபதியாக்கப் போகிறார்கள். அந்த ஆசனத்தில் உட்கார்ந்தவர்கள் செத்துத்தான் இறங்கியிருக்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது, அக்கா. துறவை விடுவது எங்கள் மதத்தில் பாவமில்லை. இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் போதும். ஆனால் அதற்கடுத்த நிமிடம் உடுத்த என்னிடம் துணி இல்லை. பிக்குவுக்குக் காற்சட்டை விற்கும் கடைக்காரன் எங்கே இருக்கிறான்?

உன் வகுப்பாரோடு விகாரை பார்க்க வா. வரும்போது ஒரு காற்சட்டையும் சட்டையும் கொண்டு வா.

ருவன்


கண்டி
12.4.1999

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஒரு மடைச்சி. அன்று விகாரைக்கு வந்தபோது உடுப்புப் பொதியை மேசையில் வைத்திருக்க வேண்டும், நீ எடுத்திருப்பாய். ஒரு பெண், பிக்குவின் கையில் நேரே எதையும் கொடுக்கக் கூடாதென்று வகுப்பில் கட்டுரை வாசித்தவளே நான்தான். உன் மெலிந்த முகத்தைக் கண்டதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. ஊரார் முன்னிலையில் உன் கையில் திணித்துவிட்டேன்.

விகாரைச் சபைச் செயலாளர் ஹேரத் மறுநாளே அம்மாவின் வீட்டு வாசற்படலையில் வந்து நின்றாராம். “உங்க மகள் எங்க ஹாமுதுருவுக்குப் பைபிள் கொடுத்திருக்கா. அவர் காவிச் சீவரத்தைக் கழட்டினா, நீங்கதான் காசு கொடுத்து மதம் மாத்தினீங்கன்னு ஊர் சொல்லும். அப்புறம் இந்தக் கூரைக்கு நான் பொறுப்பில்ல,” என்றாராம்.

பைபிள் இல்லை, காற்சட்டை என்று சொல்லலாமா? அது இன்னும் மோசம். அந்த ஊரில் இருக்கும் ஒரே கத்தோலிக்க வீடு அம்மாவுடையது. கண்டிக்கு வா என்றால், அப்பா கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

நீ போய்விடு என்று எழுதத்தான் எனக்கு ஆசை. முடியவில்லை. அங்கேயே இரு, தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரேஷா


போகமுவ
5.6.1999

அக்காவுக்கு,

நடந்துவிட்டது. வெள்ளை விரித்த ஆசனத்தில் என்னை உட்கார்த்தினார்கள். ஹேரத் வாசலில் நின்று ஊரை வரிசையாக அனுப்பினார். அம்மாவும் வந்தாள். இத்தனை வருடமும் என்னைக் கண்டால் சிலுவை போட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பவள், அன்று முழங்காலிட்டு என் காலடியில் நெற்றியை வைத்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “இப்ப அவங்களுக்குப் போதுமா, மகன்?”

முழங்கால் வலியில் அவளால் எழும்ப முடியவில்லை. பெற்ற தாயானாலும் பிக்கு நான் தொட்டுத் தூக்கக் கூடாது. ஹேரத்தான் தூக்கிவிட்டார்.

உன் மற்றக் கேள்விகளுக்கு நூலகத்திலேயே பதில் கிடைக்கும். அம்மா வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாள், கவலைப்படாதே. ஆனால் நீ இனி இங்கே வராதே, அக்கா. உன்னைக் கண்டால் எனக்குப் போகத் தோன்றும்.

போகமுவே சுசீம
விகாராதிபதி